இலையுதிர்கால அறுவடை குவிந்துவிட்டதா? எதை முதலில் சாப்பிடுவது, எதை எப்படி வைத்துக்கொள்வது: முழுமையான வழிகாட்டி

கோடை முழுக்க ஒன்றிரண்டாகக் காய்த்துக்கொண்டிருந்த வீட்டுத் தோட்டம், இலையுதிர்காலம் வந்ததும் ஒரேயடியாகக் கொட்டித் தீர்த்துவிடும். தக்காளி பழுக்கும் அதே வாரத்தில்தான் பீன்ஸ் முற்றும், பரங்கியின் தோல் இறுகும், கேரட்டும் தோண்டும் பருவத்துக்கு வந்து நிற்கும். சமையல் மேடை, தரை, ஃப்ரிட்ஜ் எங்கும் காய்தான்.

அப்போது பலரும் எது அதிகமாகக் கிடக்கிறதோ அதில்தான் முதலில் கை வைப்பார்கள். பரங்கிக் குவியலைப் பார்த்து மலைத்துப்போய் அரிவாள்மனையோடு உட்கார்ந்துவிடுவார்கள். அதற்குள் மூலையில் இருக்கும் கீரை வாடிப்போயிருக்கும். பரங்கி இன்னும் இரண்டு மூன்று மாதம் சும்மா உட்கார்ந்திருக்கும். கீரைக்கு மூன்று நாள்கூடப் பொறுமை கிடையாது. அதனால் அளவைப் பார்க்காமல் ஆயுளைப் பார்த்து வேலையை வரிசைப்படுத்துங்கள். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த வரிசையில்தான் போகின்றன.

படி 1: உறைபனிக்கு முன் எதைப் பறிப்பது, எதை விட்டுவைப்பது

வானிலை அறிவிப்பில் இரவு வெப்பநிலை 2 அல்லது 3 டிகிரி செல்சியஸ் என்று வந்தாலே உஷாராகிவிட வேண்டும். மேகமில்லாத, காற்றில்லாத இரவில் இலைகள் தம் வெப்பத்தை வானத்துக்கு இழந்துவிடும். சுற்றியுள்ள காற்று 2 டிகிரியில் இருக்கும்போதே இலையின் மேல் பனி உறைந்துவிடக்கூடும்.

குளிர் தாங்காதவை தக்காளி, கத்தரி, மிளகாய், குடைமிளகாய், வெள்ளரி, பச்சை பீன்ஸ், சுக்கினி (வெள்ளரி போலிருக்கும் பூசணி வகை), பேசில் (துளசி இனத்து மணக்கீரை). இவற்றை அன்று மாலையே பறித்துவிடுங்கள். சிறிசு பெரிசு பார்க்க வேண்டாம், காலையில் எப்படியும் கருகிக் கிடக்கும். சர்க்கரைவள்ளிக் கிழங்கு மண்ணுக்குள் இருந்தாலும் குளிர்ந்த மண்ணில் கெடும் என்பதால் அதையும் உறைபனிக்கு முன்பே தோண்டிவிட வேண்டும்.

கேரட், பார்ஸ்னிப் (கேரட் போன்ற வெள்ளைக் கிழங்கு), லீக்ஸ் (வெங்காய இனம்), கேல் (கோஸ் இனக் கீரை), முட்டைக்கோஸ் போன்றவற்றுக்கு அவசரமே இல்லை. லேசான உறைபனி இவற்றுக்கு நல்லதும்கூட. குளிர் பட்டதும் இந்தச் செடிகள் தம்மிடமுள்ள மாவுச்சத்தில் ஒரு பகுதியைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்கின்றன. சர்க்கரை கரைந்த நீர் எளிதில் உறையாது என்பதால் செல்களுக்கு அது ஒரு காப்பு. நமக்கோ இனிப்பான கேரட். மண் கல்லாக உறையாத இடமாக இருந்தால், வேர்க் காய்களின் மேல் ஓரடி உயரத்துக்கு வைக்கோலைப் போட்டு மூடிவிட்டு வேண்டும்போது தோண்டிக்கொள்ளலாம். வீட்டில் இடமில்லாதவர்களுக்கு இதைவிட நல்ல கிடங்கு கிடையாது.

படி 2: மேசையில் பரப்பி மூன்று கூறாகப் பிரியுங்கள்

பறித்ததும் கழுவ வேண்டாம். ஈரம் அழுகலைக் கூட்டி வரும். மண்ணைக் கையால் உதறினால் போதும். பிறகு எல்லாவற்றையும் பரப்பி, ஒவ்வொன்றையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.

அடிபட்டது, மண்வெட்டி பட்டது, பூச்சி துளைத்தது எல்லாம் ஒரு பக்கம். இவை நாளைக்கே சமையலுக்குப் போக வேண்டும், எந்தக் காரணத்துக்காகவும் சேமிப்புக்குப் போகக் கூடாது. பழுதில்லாத ஆனால் தாங்காத காய்கள் (கீரை, பீன்ஸ், சுக்கினி, வெள்ளரி, பழுத்த தக்காளி) அடுத்த கூறு. இந்த வாரமே சாப்பிட வேண்டும், அல்லது பதப்படுத்திவிட வேண்டும். மூன்றாவது கூறு தோலும் உடலும் கெட்டியானவை: பரங்கி, உருளை, வெங்காயம், வேர்க் காய்கள், முட்டைக்கோஸ். இவற்றுக்குத் தேவை நல்ல இடம் மட்டும்தான். சமைக்கவோ வெட்டவோ வேண்டாம்.

பச்சைத் தக்காளி இந்த மூன்றிலும் சேராது. அதற்குத் தனிப் பெட்டி. முழு அளவுக்கு வளர்ந்து, பளபளப்பாக, வெளிர்பச்சைக்கு மாறத் தொடங்கிய காய்கள் வீட்டுக்குள்ளேயே பழுக்கும். கருகருவென்று பச்சையாக, சின்னதாக, கல் போல இருப்பவை பழுக்காது. அவை ஊறுகாய்க்குத்தான். பழுக்க வெளிச்சம் தேவையில்லை, 18 முதல் 21 டிகிரி வெப்பம் போதும். ஒற்றை அடுக்காக அடுக்கி, மேலே செய்தித்தாளைப் போர்த்தி வையுங்கள். கூடவே ஒரு பழுத்த ஆப்பிளையோ வாழைப்பழத்தையோ போட்டால் அதிலிருந்து வரும் எத்திலீன் வாயு பழுப்பதை விரைவுபடுத்தும். ஃப்ரிட்ஜில் வைத்தால் பழுப்பது நின்றுவிடும், மணமும் போய்விடும். இரண்டு நாளுக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து, அழுகியதை எடுத்துவிடுங்கள். வெயிலில் பழுத்த சுவை வராதுதான், ஆனால் சமையலுக்குத் தாராளமாகப் போதும். எண்ணெய் பட்டதுபோல் பழுப்புத் திட்டுகள் உள்ள காய் கருகல் நோய் வந்தது. அதைப் பெட்டிக்குள் விடாதீர்கள்.

படி 3: முதல் வாரம் வயிறாரச் சாப்பிடுங்கள்

சேமிப்பைப் பற்றி ஆயிரம் பேசலாம், ஆனால் இந்தக் காய்களின் உச்ச சுவை இப்போதுதான். முதல் வாரத்தை ஃப்ரீசர் பைகளோடு மட்டும் கழித்துவிட்டால் தோட்டம் போட்டதற்கே அர்த்தமில்லை.

நிறையக் காயை ஒரே வேளையில் காலி செய்ய ஓவனில் சுடுவதைப் போல வசதியான முறை இல்லை. சூடு 200 முதல் 220 டிகிரி. 2 அல்லது 3 சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, ஒரு கிலோவுக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி எண்ணெய், உப்பு சேர்த்துப் பிசறித் தட்டில் பரப்புங்கள். பரப்புவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. துண்டுகளுக்கு நடுவே தட்டின் அடி தெரிய வேண்டும். குவித்துப் போட்டால் வெளிவரும் நீராவியிலேயே காய் வெந்து குழைந்துவிடும், ஓரம் சிவக்காது. இடம் போதாவிட்டால் இரண்டு தட்டு வையுங்கள். சுக்கினி, குடைமிளகாய்க்கு 20 முதல் 25 நிமிடம், கேரட், பரங்கிக்கு 30 முதல் 40 நிமிடம் ஆகும். பாதியில் ஒருமுறை புரட்டிவிடுங்கள். மிஞ்சியதை மறுநாள் தண்ணீர் விட்டு அரைத்தால் சூப்.

கீரை பார்க்க மலைபோல் இருந்தாலும் வாணலியில் போட்டதும் கைப்பிடியாகச் சுருங்கிவிடும். அதனால் கீரை அதிகம் என்று பயப்படவே வேண்டாம். பூண்டு தாளித்து ஒரு கட்டு கேலை வதக்கினால் இரண்டு பேருக்குக்கூடக் காணாது.

சுக்கினியைத் துருவி, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துப் பத்து நிமிடம் வைத்தால் தண்ணீர் விடும். அதைப் பிழிந்துவிட்டு மாவில் கலந்து சுடலாம், ரொட்டியில் சேர்க்கலாம், பிழிந்தபடியே ஃப்ரீசருக்கும் அனுப்பலாம். சமைக்கும் முன் சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கம் இருக்கட்டும். சுக்கினி, பரங்கி, சுரைக்காய் எதுவானாலும் வாயில் வைத்ததும் கடுங்கசப்பு இருந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் எறிந்துவிடுங்கள். குக்குர்பிட்டாசின் என்ற பொருள் செய்யும் வேலை அது. வேகவைத்தாலும் போகாது, வாந்தி வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். அலங்காரச் சுரை வகைகளோடு மகரந்தம் கலந்து, அதன் விதையைச் சேமித்து முளைக்க வைத்த செடிகளில் இது வர வாய்ப்பு அதிகம்.

பழுத்த தக்காளி கூடைக் கணக்கில் இருந்தால் பாதியாக வெட்டி, வெட்டிய பக்கம் மேலே இருக்கும்படி தட்டில் அடுக்கி, தோலோடு நாலைந்து பூண்டுப் பல், எண்ணெய், உப்பு போட்டு 170 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் விட்டுவிடுங்கள். ஓரங்கள் கருஞ்சிவப்பாகி, சாறு சுண்டித் தட்டில் ஒட்டத் தொடங்கும்போது எடுத்துப் பூண்டைப் பிதுக்கி, எல்லாவற்றையும் சேர்த்து அரைத்தால் அருமையான சாஸ். அடுப்புப் பக்கத்தில் நின்று கிளற வேண்டிய வேலையும் மிச்சம்.

படி 4: சமைக்காமலே மாதக்கணக்கில் வைப்பது

மின்சாரம், பாட்டில், உப்பு எதுவும் கேட்காத முறை இதுதான். ஆனால் எல்லாக் காய்க்கும் ஒரே இடம் ஒத்துவராது.

பரங்கியையும் மற்ற கெட்டித்தோல் பூசணி வகைகளையும் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் இறங்கினால் இன்னும் முற்றவில்லை. முற்றியதைக் காம்பு இரண்டு மூன்று அங்குலம் நீண்டிருக்கும்படி வெட்டுங்கள். காம்பைப் பிடித்துத் தூக்கவே தூக்காதீர்கள். அது பிய்ந்த இடம்தான் அழுகல் நுழையும் வாசல். முதல் பத்துப் பதினைந்து நாள் 25 முதல் 30 டிகிரி சூடும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் வைத்தால் தோல் நன்றாக இறுகும், சின்னக் கீறல்களும் ஆறிவிடும். ஏகார்ன் என்ற சிறிய பூசணி வகை மட்டும் இதற்கு விலக்கு, அதை நேராக எடுத்து வைத்துவிடலாம். பிறகு 10 முதல் 15 டிகிரியில், ஒன்றோடொன்று உரசாமல், வெறும் சிமெண்ட் தரையில் படாமல் பலகை மேல் வைக்க வேண்டும். ஏகார்ன் ஒரு மாதம் தாண்டினால் நார் விடும். பட்டர்நட் என்ற நீள்பூசணி இரண்டு மூன்று மாதம் தாராளமாக நிற்கும். 10 டிகிரிக்குக் கீழே போனால் குளிரே காயைக் கெடுத்துவிடும் என்பதால் முழுப் பரங்கிக்கு ஃப்ரிட்ஜ் ஆகாது.

சர்க்கரைவள்ளியும் இதே கட்சிதான். தோண்டியதும் 27 முதல் 30 டிகிரியில், ஈரப்பதம் உள்ள இடத்தில் ஒரு வாரம் வைத்தால் காயங்கள் ஆறும், இனிப்பும் கூடும். பிறகு 13 முதல் 15 டிகிரி. ஃப்ரிட்ஜில் வைத்தால் நடுவில் கட்டிதட்டி, எவ்வளவு வேகவைத்தாலும் இளகாது.

உருளைக்கிழங்கைக் கட்டைவிரலால் தேய்த்தால் தோல் வழுக்கி வரக் கூடாது. வந்தால் தோல் இன்னும் பிஞ்சு, அதை முதலில் சாப்பிட்டுவிடுங்கள். மற்றதை இரண்டு வாரம் இருட்டில் ஆறவிட்டு, 4 முதல் 10 டிகிரியில் காகிதப் பையிலோ சாக்கிலோ போட்டு வைக்கலாம். வெளிச்சம் பட்டால் தோல் பச்சையாகும், கூடவே சோலனின் என்ற நச்சும் சேரும். லேசான பச்சையை ஆழமாகச் செதுக்கிவிடலாம், முழுக்கப் பச்சையானதும் கசப்பதும் குப்பைக்கு. 4 டிகிரிக்குக் கீழே வைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாகிவிடும், பொரிக்கும்போது சீக்கிரம் கறுக்கும்.

வெங்காயத்துக்கும் பூண்டுக்கும் வேண்டியது வறண்ட காற்று. கழுத்துப் பகுதி சருகாகும்வரை இரண்டு மூன்று வாரம் நிழலில் உலர்த்தி, வலைப்பையிலோ பின்னலாகக் கட்டியோ தொங்கவிடுங்கள். கழுத்து தடித்தவை நிற்காது, முன்னால் எடுத்துச் சமைத்துவிடுங்கள். உருளை ஈரத்தைக் கேட்கும், வெங்காயம் வறட்சியைக் கேட்கும். இரண்டையும் ஒரே கூடையில் போடுவது இருவருக்குமே அநியாயம்.

கேரட், பீட்ரூட்டின் இலையை உடனே வெட்டிவிட வேண்டும். விட்டால் கிழங்கிலிருந்து நீரை இழுத்துக்கொண்டே இருக்கும், இரண்டே நாளில் கேரட் வளையத் தொடங்கும். ஓர் அங்குலக் காம்பு மட்டும் இருக்கட்டும். ஈர மணலை வாளியில் ஓர் அடுக்கு, கேரட் ஓர் அடுக்கு, மறுபடி மணல் என்று நிரப்பி 0 முதல் 4 டிகிரி உள்ள இடத்தில் வைத்தால் நாலைந்து மாதம் மொறுமொறுப்பு மாறாது. மணலைக் கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் பிளாஸ்டிக் பையில் இரண்டு மூன்று துளை போட்டு ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டில் வைத்தாலே வாரக்கணக்கில் நிற்கும். பக்கத்தில் ஆப்பிள் மட்டும் வேண்டாம், எத்திலீன் பட்டால் கேரட் கசக்கும்.

படி 5: ஃப்ரீசர்

உறையவைப்பதால் காயில் உள்ள நொதிகள் செத்துவிடுவதில்லை, மெதுவாக வேலை செய்துகொண்டே இருக்கும். அதனால்தான் அப்படியே உறையவைத்த பீன்ஸ் சில வாரத்தில் வைக்கோல் வாசம் அடிக்கிறது. இதைத் தடுக்கக் கொதிநீரில் சற்று நேரம் முக்கி எடுக்க வேண்டும். அரைக் கிலோ காய்க்கு நான்கு லிட்டர் தண்ணீர் தளதளவென்று கொதிக்கட்டும். பச்சை பீன்ஸ், ப்ரோக்கோலி, காலிஃபிளவர் 3 நிமிடம், நறுக்கிய கேரட், கீரை 2 நிமிடம். எடுத்ததும் அதே அளவு நேரம் ஐஸ் தண்ணீரில் போட்டு, துணியில் ஈரத்தை ஒற்றி எடுங்கள். தட்டில் தனித்தனியாகப் பரப்பி உறையவைத்துவிட்டுப் பிறகு பையில் போட்டால் வேண்டிய அளவு உதிர்த்து எடுக்கலாம். இல்லாவிட்டால் செங்கல்தான். பையில் காற்றை அமுக்கி வெளியேற்றித் தேதி எழுதுங்கள். மைனஸ் 18 டிகிரியில் பத்து மாதம் வரை சுவை நன்றாக இருக்கும்.

குடைமிளகாய், வெங்காயம், தக்காளிக்கு இந்தச் சடங்கு வேண்டாம். தக்காளியை முழுசாகவே உறையவைக்கலாம். வெளியே எடுத்து வெதுவெதுப்பான தண்ணீரில் காட்டினால் தோல் சட்டென்று கழன்று வரும். பேசில் போன்ற இலைகளை நறுக்கி, எண்ணெய் விட்டு ஐஸ் தட்டில் உறையவைத்தால் ஒவ்வொரு கட்டியும் ஒரு வேளைச் சமையலுக்கு. வெள்ளரியையும் சாலட் இலையையும் உறையவைத்துப் பயனில்லை, கூழாகிவிடும்.

படி 6: உப்பும் வினிகரும்

முட்டைக்கோஸ் அதிகமாக இருந்தால் உப்பில் புளிக்கவிடுங்கள். மெல்லிசாக நறுக்கி எடை போட்டு, எடையில் 2 முதல் 2.5 சதவீதம் உப்பு சேர்க்க வேண்டும். அதாவது ஒரு கிலோவுக்கு 20 முதல் 25 கிராம். கையால் நன்றாகப் பிசைந்தால் கொஞ்ச நேரத்தில் கோஸ் துவண்டு, விரலிடுக்கில் சாறு வழியும். அந்தச் சாறோடு பாட்டிலில் அழுத்தி நிரப்பி, கோஸ் முழுக்க சாறுக்குள் மூழ்கியிருக்கும்படி மேலே கனம் வையுங்கள். மூடியை இறுக்க வேண்டாம், உள்ளே வாயு உண்டாகும். 18 முதல் 22 டிகிரியில் இரண்டாம் மூன்றாம் நாளே குமிழி கிளம்பும். மூன்று வாரத்திலிருந்து ருசி பார்க்கத் தொடங்கி, உங்களுக்குப் பிடித்த புளிப்பு வந்ததும் ஃப்ரிட்ஜுக்கு மாற்றுங்கள். சாறு கலங்கலாவது இயல்புதான். இளஞ்சிவப்பு நிறமோ, பஞ்சு போன்ற பூஞ்சையோ, அழுகல் நாற்றமோ இருந்தால் கொட்டிவிடுங்கள்.

அவசரக்காரர்களுக்கு வினிகர். 5 சதவீத அமிலம் உள்ள வினிகரும் தண்ணீரும் சம அளவு, உப்பு, கொஞ்சம் சர்க்கரை சேர்த்துக் கொதிக்கவைத்து, நறுக்கிய வெள்ளரி, பீன்ஸ், பச்சைத் தக்காளி மேல் ஊற்றி ஆறியதும் ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாளே சாப்பிடலாம், சில வாரம் நிற்கும்.

படி 7: காயவைப்பது

மிளகாயை நூலில் கோத்து வெயிலிலோ காற்றோட்டத்திலோ தொங்கவிட்டால் போதும். தக்காளி, கேரட் துண்டுகளுக்கு ஈரக் காற்று உள்ள இலையுதிர்காலத்தில் வெயிலை நம்ப முடியாது. 55 முதல் 60 டிகிரியில் உலர்த்தும் கருவி அல்லது ஓவன் சரி. காய்ந்ததைக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு ஒரு வாரம் தினமும் குலுக்கிப் பாருங்கள். பாட்டிலின் உள்பக்கம் நீர் கோத்தால் இன்னும் காய வேண்டும்.

செடியிலேயே முற்றிய பீன்ஸை ஓடு சலசலக்கும்வரை விட்டுப் பறித்து, உரித்துப் பருப்பாக வைத்துக்கொள்ளலாம். சமைக்கும்போது, குறிப்பாகச் சிவப்பு கிட்னி பீன்ஸாக இருந்தால், 5 மணி நேரமாவது ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டுப் பிறகு வேகவைக்க வேண்டும். வேகாத பீன்ஸ் கொட்டையில் உள்ள லெக்டின் நச்சு குறைந்த சூட்டில் அழியாது. மெதுவாக வேகவைக்கும் மின்பானையில் நேராகப் போடுவது ஆபத்து.

படி 8: பாட்டிலில் அடைப்பவர்கள் கவனத்துக்கு

கண்ணாடிப் பாட்டிலில் உணவை அடைத்து, மூடி, கொதிநீரில் வைத்துப் பாதுகாக்கும் முறைக்காக நிக்கோலா அப்பேர் என்ற பிரெஞ்சு மிட்டாய்க்காரருக்கு 1810இல் அந்நாட்டு அரசு 12,000 பிராங்க் பரிசு கொடுத்தது. ஏன் கெடாமல் இருக்கிறது என்பது அவருக்கே தெரியாது, நுண்ணுயிரிகள் பற்றிய பாஸ்டரின் விளக்கம் வர இன்னும் அரை நூற்றாண்டு இருந்தது. நமக்குத் தெரியும் என்பதால் நமக்குச் சாக்கு இல்லை.

கொதிநீரின் 100 டிகிரியில் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் சாகாது. காற்றில்லாத, அமிலம் குறைந்த பாட்டிலுக்குள் அவை முளைத்து, பார்த்தாலும் முகர்ந்தாலும் தெரியாத கொடிய நச்சை உண்டாக்கும். அமிலத்தன்மையின் எல்லை 4.6 பிஎச் (இந்த எண் குறையக் குறைய அமிலம் கூடும்). அதற்குக் கீழே இருக்கும் ஊறுகாய்க்கும் ஜாமுக்கும் கொதிநீர் போதும். பீன்ஸ், கேரட், பீட்ரூட் எல்லாம் அந்த எல்லைக்கு மேலே. அவற்றை அடைக்க அதற்கென்றே செய்த அழுத்தக் கலன் வேண்டும், வீட்டுப் பிரஷர் குக்கர் அந்த வேலையைச் செய்யாது. தக்காளி எல்லையில் நிற்பது, அதனால் ஒரு லிட்டர் பாட்டிலுக்கு கடையில் பாட்டிலில் விற்கும் எலுமிச்சைச் சாறு இரண்டு மேசைக்கரண்டி கட்டாயம். கையால் பிழிந்த சாற்றின் புளிப்பு பழத்துக்குப் பழம் மாறும். அரைத்த பரங்கியை எந்தக் கலனிலும் அடைக்காதீர்கள். சூடு நடுப்பகுதி வரை போய்ச் சேராது, ஃப்ரீசர்தான் அதற்கு இடம். எண்ணெயில் ஊறும் பச்சைப் பூண்டை அறைச் சூட்டில் வைக்கும் பழக்கத்திலும் இதே ஆபத்து இருக்கிறது.

என்னைக் கேட்டால், முதல் வருடம் பாட்டில் வேலைக்கே போக வேண்டாம். ஃப்ரீசரும் உப்பும் போதும்.

படி 9: எறியும் பகுதிகளில் எவ்வளவு தேறும்

பீட்ரூட் இலை நல்ல கீரை. முள்ளங்கி இலையும் அப்படியே, கொஞ்சம் சுணையாக இருக்கும், வதக்கினால் போய்விடும். ப்ரோக்கோலித் தண்டின் நார்த்தோலைச் சீவினால் உள்ளே பூவைவிட இனிப்பான பகுதி இருக்கிறது. காலிஃபிளவரின் உள்ளிலைகளை எண்ணெய் தடவிச் சுட்டால் ஓரம் மொறுமொறுவென்று வரும். பரங்கி விதையைக் கழுவி, உலர்த்தி, உப்பு சேர்த்து 160 டிகிரியில் 20 நிமிடம் வறுத்தால் கொறிக்க நன்றாக இருக்கும். வெங்காயத் தோல், கேரட் நுனி, லீக்ஸின் பச்சைப் பகுதி எல்லாம் ஃப்ரீசரில் ஒரு பையில் சேரட்டும். பை நிறைந்ததும் வேகவைத்து வடித்தால் சூப்புக்கான சாறு. உருளை, தக்காளிச் செடிகளின் இலையை மட்டும் கீரையாக நினைக்காதீர்கள்.

படி 10: வாரம் ஒரு சுற்று

வைத்ததை மறந்துவிடுவதுதான் சேமிப்பைக் கெடுக்கும் பெரிய காரணம். வாரம் ஒருநாள் பரங்கியைத் திருப்பிப் பாருங்கள், உருளைப் பைக்குள் மூக்கை விட்டு முகருங்கள். அழுகிய ஒன்றின் வாசம் கண்ணுக்கு முன்னே மூக்குக்குத் தெரிந்துவிடும். மென்மையாகத் தொடங்கியதை அன்றைக்கே சமைத்துவிடுங்கள். ஃப்ரீசர் கதவில் ஒரு தாள் ஒட்டி, உள்ளே போவதையும் வெளியே வருவதையும் குறித்து வையுங்கள். வசந்தம் வரும்போது தொடப்படாமல் கிடக்கும் பைகள் எவை என்று அந்தத் தாளே சொல்லும். அடுத்த விதைப்பில் அந்தக் காயின் வரிசையைப் பாதியாக்கிவிட்டு, முதலில் தீர்ந்துபோனதற்கு அந்த இடத்தைக் கொடுங்கள். பீன்ஸ், முள்ளங்கி, கீரை விதைகளை ஒரே நாளில் போடாமல் இரண்டு வார இடைவெளியில் போட்டால் ஒரேயடியாகக் குவிவதும் குறையும். சுக்கினிக்கு மட்டும் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். ஒரு வீட்டுக்கு ஒரு செடியே அதிகம்.